சீரியல் செட்டிலிருந்து செர்வர் வரை: விளக்கை ஆட்டுவிப்பது யார்?

மின்விளக்கைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் எடிசன் என்று சொல்லிவிடுவோம். (அதுவும் முழு உண்மை இல்லை. ஆனால் அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.) அந்த விளக்கை முதலில் கண்சிமிட்ட வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் பி.காம் படிக்கிறவன், எனக்கும் இது தேவையில்லாத கேள்விதான். ஆனால் வீட்டு ஹாலில் ஒட்டிய ஒரு ஸ்மார்ட் எல்இடி ஸ்ட்ரிப்பின் கன்ட்ரோலரைப் பிரித்து, அதற்குள் இருந்த மென்பொருளை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்ட பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை எல்லாம் இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஒரு விஷயம். விளக்கு எரிவது வேறு, விளக்கு ஆடுவது வேறு. எரிவதற்கு மின்சாரம் போதும். ஆடுவதற்கு, அதாவது எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும், எந்த நிறத்தில் என்று சொல்வதற்கு, இன்னொரு பொருள் வேண்டும். அந்த இரண்டாவது பொருளின் சரித்திரம்தான் இந்தக் கட்டுரை.

எட்வர்ட் ஜான்சன் என்பவர் எடிசனின் கூட்டாளி. 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கட்டி, மரத்தையே மின்சாரத்தால் சுற்ற வைத்தார். 1884-இல் இன்னும் பெரிதாக, 120 பல்புகளோடு. மரத்தின் அடியில் தாமிரப் பட்டைகள், பட்டைகளில் இடையிடையே வெட்டு. மரம் சுற்றச் சுற்ற, பட்டை தொடும் இடத்தில் பல்பு எரியும், வெட்டு வரும் இடத்தில் அணையும். அவ்வளவுதான் டெக்னாலஜி. சிப் இல்லை, புரோகிராம் இல்லை. சரியாகச் சொன்னால் புரோகிராம் இருந்தது, அது தாமிரத்தில் வெட்டப்பட்டிருந்தது.

இந்தத் தாமிரப் பட்டை பிற்பாடு நம் ஊருக்கும் வந்தது. வருவதற்கு முன் நம் ஊர் கரண்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மதராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, இந்தியாவிலேயே முதல். பிறகு மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி பேசின் பிரிட்ஜில் அனல் மின் நிலையம் வைத்து நகரத்துக்குக் கரண்ட் விற்றது. 1947-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது, எல்லா யூனிட்டும் சேர்ந்து 450 மெகாவாட். 2017 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். 1994-லிருந்து அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். கவனித்தீர்களா? பேசின் பிரிட்ஜ், எண்ணூர், அத்திப்பட்டு. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த நகரத்துக்கு விளக்கெரிக்கிற அடுப்பு வடக்கில்தான் இருக்கிறது. சாம்பலும் கொசஸ்தலை ஆற்றில்தான் கலக்கிறது. இதை ஒரு தனிப் பதிவாகவே எழுத வேண்டும், கோபம் வரும் என்பதால் தள்ளிப்போட்டு வருகிறேன்.

அந்தக் கரண்ட் அலங்காரமாக நம் தெருவுக்கு வருவது திருவிழாவில்தான். ஆடி மாதம் அம்மன் கோவில்களுக்குக் கூழ் ஊற்றும்போது, திருவொற்றியூர் மாசி பிரம்மோற்சவத்தில், ராயபுரம் மாதா கோவில்களின் கொடியேற்றத்தில், கல்யாண வீட்டு வாசலில். மைக் செட்டோடு சீரியல் செட்டும் வரும்.

சீரியல் செட் என்ற பெயரிலேயே அதன் கணக்கு இருக்கிறது. பல்புகள் ஒன்றன் பின் ஒன்றாக, சீரிஸில். ஒரு குட்டி பல்புக்கு சுமார் 6 வோல்ட். வீட்டு கரண்ட் 230 வோல்ட். 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 சொச்சம். ஆக ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 38 பல்பு. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், எதுவும் வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் படுத்துவிடும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது சீரியல் செட் பையன்களின் பாதி வாழ்க்கை.

கண்சிமிட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, வரிசையில் ஒரே ஒரு பல்பை மட்டும் மாற்றிப் போடுவது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சின்னத் தகடு இருக்கும். சூடானால் வளைந்து தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். அந்த ஒரு பல்பு சிமிட்டினால் 38-ம் சிமிட்டும். இரண்டாவது வழி, உருளை. மர உருளையின் மேல் தாமிரத் தகடுகளை வெட்டி அடித்து, சின்ன மோட்டாரால் சுற்றவிட்டு, பக்கத்தில் வரிசையாகத் தொடுமுனைகள் வைப்பது. ஜான்சன் மரத்துக்கு அடியில் வைத்த அதே சங்கதி. வங்காளத்தில் சந்தன்நகர் என்ற ஊர் இந்த மாதிரி உருளை விளக்குகளுக்கு நாடறிந்த ஊர். துர்கா பூஜை விளக்குகளுக்கென்றே ஒரு தொழிலாக அங்கே வளர்ந்தது.

எங்கள் பக்கத்துத் தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒரு பெரியவர் இந்த உருளையோடு வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன். மயில் தோகை விரிக்க வேண்டுமா, வேலிலிருந்து ஒளி கிளம்ப வேண்டுமா, முதலில் சுவரில் கரியால் படம் போட்டு, பல்பு இடங்களைக் குறித்து, எது முதலில் எது அடுத்து என்று எண் போட்டு, அந்த எண்படி தகடு வெட்டுவாராம். உருளை ஒரு சுற்று சுற்றினால் மயில் ஒருமுறை தோகை விரித்து மூடும். மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் மயில் சோம்பேறி ஆகும். தகட்டில் கரி பிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மழை நாளில் தொடக் கூடாது, தொட்டால் தூக்கி அடிக்கும். "உருளைய மாத்துனா வெளக்கு பேச்ச மாத்தும்பா" என்றார். இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் புரோகிராமிங்கை விளக்கி நான் பார்த்ததில்லை.

முக்கியமான விஷயம், அந்த உருளை அவருடையது. அவரே வெட்டினார், அவரே மாற்றினார்.

பிறகு எலக்ட்ரானிக்ஸ் வந்தது. 1972-இல் வந்த 555 டைமர் ஐசி, அதோடு 4017 என்ற எண்ணும் ஐசி. 555 தாளம் போடும், 4017 அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி தன் பத்துக் கால்களில் ஒவ்வொன்றாக உயிர் கொடுக்கும். 'ரன்னிங் லைட்' என்று பாலிடெக்னிக் பையன்கள் செய்யும் முதல் ப்ராஜெக்ட் இதுதான். ரிச்சி தெருவில் இரண்டு ஐசியும் இன்றைக்கும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உருளை செய்த வேலையை, தேய்மானம் இல்லாமல், கைக்குள் அடங்கும் ஒரு போர்டு செய்தது.

அடுத்து சீனத்து அரிசி பல்பு. பச்சை ஒயர், ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியில் ஒரு பட்டன், எட்டு ஆட்டம். எல்லோர் வீட்டிலும் கொலுவுக்கோ கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கோ ஒன்று இருந்திருக்கும். பட்டனை அமுக்க அமுக்க ஒவ்வோர் ஆட்டமாக மாறும். கரண்ட் போய் வந்தால் மறுபடி முதல் ஆட்டத்துக்கே போய்விடும், பெட்டிக்கு ஞாபக சக்தி கிடையாது. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில் சென்னைக்கே தினம் 2 மணி நேரம் கரண்ட் கட். அந்த வருஷக் கொலுவில் பட்டன் அமுக்கிய விரல்கள் எத்தனையோ!

இங்கே ஒன்று மாறியதை யாரும் கவனிக்கவில்லை. உருளையில் தகட்டைப் பிடுங்கி வேறு மாதிரி அடிக்கலாம். 4017-இல் ஒயரை மாற்றி சால்டர் செய்யலாம். அரிசி பல்பின் பெட்டிக்குள் இருந்தது கறுப்புத் தாரில் மூடிய ஒரு பொட்டு. எட்டு ஆட்டம் என்று தொழிற்சாலையில் எழுதிவிட்டால் எட்டுதான். ஒன்பதாவது ஆட்டம் வேண்டுமென்றால் வேறு பெட்டி வாங்க வேண்டும். விலை மலிவானது, ஆட்டம் நம் கையை விட்டுப் போனது.

எல்இடி கதைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-இல் நிக் ஹோலோன்யாக் என்பவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் செய்து காட்டினார். பிறகு மஞ்சள், பச்சை. நீலம் மட்டும் முப்பது வருஷம் போக்குக் காட்டியது. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, வெள்ளை இல்லாமல் வீட்டுக்கு வெளிச்சம் இல்லை. ஜப்பானில் அகாசாகியும் அமானோவும் நகோயாவில் அடித்தளம் போட, நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். மூவருக்கும் 2014-இல் நோபல். இதில் காமர்ஸ்காரனுக்குப் பிடித்த பகுதி வேறு. கண்டுபிடிப்புக்காகக் கம்பெனி நகமுராவுக்குக் கொடுத்த போனஸ் 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில், 2005-இல், சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம். உலகத்துக்கே வெள்ளை வெளிச்சம் கொடுத்த மனிதருக்கு முதலில் கிடைத்தது ஒரு நல்ல கைக்கடிகாரத்தின் விலை!

நம் ஊரில் எல்இடி வீட்டுக்குள் வந்தது மத்திய அரசின் உஜாலா திட்டத்தோடு, 2015-இல். மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பை 2016-இல் 38 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. எகனாமிக்ஸ் பாடத்தில் பெருமளவு உற்பத்தியின் சிக்கனம் என்று மனப்பாடம் செய்தது கண் முன்னால் நடந்தது.

எல்இடி ஸ்ட்ரிப் என்பது இந்தக் குட்டி எல்இடிகளை ஒரு நீளமான நாடாவில் ஒட்டியது. சாதா ரகத்தில் நான்கு ஒயர். ஒன்று 12 வோல்ட், மற்றவை சிவப்பு, பச்சை, நீலம். கன்ட்ரோலருக்குள் மூன்று டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்துப் போடும். எவ்வளவு நேரம் போட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்ற விகிதத்தைத்தான் கண் பிரகாசமாகப் பார்க்கிறது. ஆக அசையாமல் எரிவதுபோல் தெரியும் விளக்கும் உண்மையில் கண்சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு ரகம் இன்னும் சுவாரசியம். டபிள்யூஎஸ்2812 என்ற ரகத்தில் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சிப். தகவல் ஒரே ஒயரில் வரிசையாக வரும். முதல் எல்இடி தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததுக்குத் தள்ளிவிடும். பந்தியில் முதல் ஆள் தன் இலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வாளியை அடுத்தவருக்கு நகர்த்துவதுபோல. 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். இதன் மூத்த அண்ணன் போன்ற 'பிக்சல் எல்இடி'தான் இன்று கோவில் கட்அவுட்களில் அம்மனைச் சிரிக்க வைக்கிறது. கம்ப்யூட்டரில் ஆட்டத்தை வரைந்து, எஸ்டி கார்டில் ஏற்றி, கன்ட்ரோலரில் சொருகிவிடுகிறார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், நடுவில் ஒரு எல்இடியின் சிப் போய்விட்டால் அதற்கு அடுத்து இருப்பவை எல்லாம் தகவல் கிடைக்காமல் முடங்கும். சீரியல் செட்டின் பழைய குணம்!

2014-இல் இ.எஸ்.பி.8266 என்ற சிப் வந்தது. ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் கம்பெனியின் தயாரிப்பு, நிறுவனர் சிங்கப்பூர்க்காரர். வைஃபை உள்ள ஒரு முழுக் குட்டிக் கம்ப்யூட்டர் 5 டாலருக்கும் கீழே. முதலில் சீன மொழியில் மட்டும்தான் ஆவணங்கள் இருந்தன. உலகம் முழுக்க இருந்த பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். விளக்கு, ஸ்விட்ச், பிளக் என்று எல்லாவற்றுக்குள்ளும் அந்தச் சிப் நுழைந்தது.

இதில் ஏன் எல்லாம் 'கிளவுட்' வழியாகப் போக வேண்டும்? என் ஹாலில் இருக்கும் போனிலிருந்து என் ஹாலில் இருக்கும் விளக்குக்குப் போகும் கட்டளை, நடுவில் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் கம்பெனி செர்வருக்குப் போய்த் திரும்புகிறது. வியாபாரக் காரணம் உண்டு. வெளியூரிலிருந்தும் இயக்கலாம், வாடிக்கையாளரின் கணக்கும் தகவலும் கம்பெனி வசம் இருக்கும், ஒரே ஆப்பை ஆயிரம் பிராண்டுக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் செர்வருக்கு மாதா மாதம் செலவு உண்டு. விளக்கை ஒருமுறைதான் விற்க முடியும். ஒருமுறை வரும் வருமானத்துக்கு எதிராகக் காலம் முழுக்கச் செலவு. இந்த பேலன்ஸ் ஷீட் என்றைக்காவது இடிக்கும் என்று பி.காம் முதல் வருஷப் பையனே சொல்லிவிடுவான்.

இடித்தது. 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் அணைத்துவிட்டது. கருவி கெட்டுப்போகவில்லை, செர்வரை மூடினார்கள், கருவி செங்கல் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க ஸ்மார்ட் லைட் கம்பெனியின் செர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. ஜூன் மாதம் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கித் திரும்ப ஓட்டினார்கள்.

எங்கள் வீட்டில் இடித்தது மிக்ஜாம் புயலில். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் சென்னையே மிதந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது இன்டர்நெட் வரவில்லை. ஸ்ட்ரிப் மட்டும் முழு வெள்ளையில், முழு வெளிச்சத்தில் தானாக எரிய ஆரம்பித்தது. ரிமோட் கிடையாது, ஆப் மட்டும்தான். ஆப்பைத் திறந்தால் செர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்கிறது. வெளிச்சத்தைக் குறைக்க வழியில்லை. பிளக்கைப் பிடுங்கினோம். இரண்டு நாள் அம்மா மெழுகுவத்தியே மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் ஒரே குட்டையில் ஊறியதுதான்.

இதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். "இன்னா தம்பி, லைட்ட உனுக்கு வித்துட்டு சுச்ச அவனே வெச்சிக்கினானா?"

ஆமாம், அதேதான்.

இந்த ஸ்விட்சைத் திரும்ப வாங்கும் வேலை உலக அளவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2016-இல் கிறிஸ்டியன் ஷ்விங்ஹாமர் என்பவர் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அதே காலத்தில் தியோ ஆரென்ட்ஸ் எழுதிய டாஸ்மோட்டா ஸ்விட்சுகளுக்கும் பிளக்குகளுக்கும். இரண்டும் இ.எஸ்.பி. சிப்புக்குள் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக உட்காரும், செர்வர் வேண்டாம், வீட்டு வைஃபை போதும். 2018 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில், துயா என்ற சீனக் கம்பெனியின் தளத்தில் ஓடும் விளக்குகளுக்குள் எவ்வளவு சுலபமாக நுழையலாம் என்று மிஷேல் ஸ்டைகர்வால்ட் செய்து காட்டினார். அதிலிருந்து வந்த துயா கன்வெர்ட் கருவியால் திருகைக்கூடக் கழற்றாமல் மென்பொருளை மாற்ற முடிந்தது. கம்பெனி அந்த ஓட்டையை அடைத்தது. பிறகு புதிய மாடல்களில் சிப்பே மாறியது.

நான் செய்தது பழைய வழி. பெட்டியைத் திறந்து, சிப்பின் மேல் இருந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்து, இ.எஸ்.பி. குடும்பம் என்று உறுதி செய்துகொண்டு, போர்டில் இருந்த ஐந்து புள்ளிகளில் ஒயர் வைத்தேன்: 3.3 வோல்ட், கிரவுண்ட், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, ஐந்தாவது ஜீரோ எண் கால். அந்த ஜீரோவை கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தபடி உயிர் கொடுத்தால் சிப் பழைய மென்பொருளை ஓட்டாமல் புதியதற்காகக் காத்திருக்கும். ரிச்சி தெருவில் வாங்கிய யுஎஸ்பி அடாப்டர் வழியாக ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிட்டது. முக்கியம்: அப்போது ஸ்ட்ரிப்பின் சொந்த அடாப்டரைச் சொருகியிருக்கக் கூடாது, 3.3-க்குப் பதில் 5 வோல்ட் கொடுக்கவும் கூடாது. வாரன்டியும் போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் ஹாலில் மாலை 6 மணிக்கு மஞ்சள், 10 மணிக்கு மங்கிய சிவப்பு. கரண்ட் போய் வந்தால் எந்த நிறத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் எழ வேண்டும் என்பதும் நான் எழுதியதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. சமீப வருஷங்களில் வரும் நிறைய கன்ட்ரோலர்களில் இ.எஸ்.பி.க்குப் பதில் பீக்கன் என்ற கம்பெனியின் சிப். அதற்கு ஓப்பன்பீக்கன் என்று வேறு மென்பொருள் உண்டு, ஆனால் டபிள்யூஎல்இடி ஏறாது. அட்டைப் பெட்டியைப் பார்த்து உள்ளே எது இருக்கிறது என்று சொல்ல முடியாது, திறந்துதான் பார்க்க வேண்டும். வம்பே வேண்டாமென்றால் டபிள்யூஎல்இடி ஏற்றியே விற்கும் போர்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. இரண்டாவது, டபிள்யூஎஸ்2812 ரகத்துக்கு அடாப்டர் வாங்கும்போது கணக்குப் போடுங்கள். முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். மீட்டருக்கு 30 என்றால் 5 மீட்டருக்கு 150 எல்இடி, 9 ஆம்பியர். போன் சார்ஜரை மாட்டினால் இழுக்காது.